வெள்ளம் வடிஞ்சாச்சு... காய்ச்சல் எப்போ வரும்? கணக்குப்போட கற்றுத்தரும் மேற்படிப்பு!

ஆழ்வார்திருநகரி:-

‘‘டிகிரி முடிச்சாச்சு, அடுத்து என்ன படிக்க?’’

தாமிரபரணிக் கரையில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வீடுகளில் எல்லாம் கேட்கும் கேள்வி இது. பி.எட்., எம்.பி.ஏ., போட்டித்தேர்வு என்று எல்லோரும் போகிற பாதைகளுக்கு நடுவே, அதிகம் பேர் அறியாத மேற்படிப்பு ஒன்று இருக்கிறது. பருவநிலை மாற்றமும் பொது சுகாதாரமும் சேர்ந்த படிப்பு அது. பெயர்தான் புதுசு. பாடம் ஆழ்வார்திருநகரிக்காரர்கள் நேரில் அனுபவித்ததுதான்.

மறக்க முடியாத மழை

2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18-ந்தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் வானமே பொத்துக்கொண்டது போல் மழை கொட்டியது. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. பதிவானது. ஒரு வருடம் முழுக்க தூத்துக்குடி மாவட்டத்தில் சராசரியாகப் பெய்யும் மழையைவிட அதிகமாக, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டு ஆற்றோர ஊர்களுக்குள் புகுந்தது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ரெயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தனர்.

தண்ணீர் வடிந்ததும் ‘தப்பிச்சோம்டா சாமி’ என்று ஜனங்கள் பெருமூச்சு விடுவார்கள். சுகாதாரத்துறைக்கு அப்போதுதான் வேலை ஆரம்பம்.

தேதி பார்த்து வரும் நோய்கள்

வெள்ளத்துக்குப் பின் நோய்கள் கண்டபடி வருவதில்லை. ஓரளவுக்கு வரிசையாக வருகின்றன.

முதல் சில நாட்களில் வயிற்றுப்போக்கு. சாக்கடை நீர் குடிநீரில் கலப்பதே காரணம். கிணற்றுத் தண்ணீர் என்றால் 1,000 லிட்டருக்கு சுமார் 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு.

ஒன்றிரண்டு வாரத்தில் எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் கால் வைக்கும்போது, பித்தவெடிப்பு, சிராய்ப்பு வழியாக கிருமி உள்ளே போகிறது. வயலில் இறங்குபவர்களுக்கும், சகதி அள்ளும் தூய்மைப் பணியாளர்களுக்கும்தான் ஆபத்து அதிகம்.

அதன் பிறகு டெங்கு. ஏடிஸ் கொசுவின் முட்டை, காய்ந்த தொட்டியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் பட்டதும் ஏழெட்டு நாளில் கொசுவாகிப் பறக்கும்.

2012-ம் ஆண்டில் அன்றைய நெல்லை மாவட்டத்தின் கடையநல்லூர் பகுதியை டெங்கு உலுக்கியது. அது கோடைகாலம். குழாயில் தண்ணீர் தினமும் வராத ஊர்களில் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைப்பார்கள். கொசுவுக்கு அது போதும். மழை பெய்தாலும் டெங்கு, பெய்யாவிட்டாலும் டெங்கு!

மாணவர் என்ன படிக்கிறார்?

ஆரம்ப சுகாதார நிலையத்தின் காய்ச்சல் பதிவேட்டையும், மழைமானி, வெப்பமானி கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் படிப்பின் அடிப்படை. மழை பெய்த எத்தனையாவது வாரத்தில், எந்தத் தெருவில், யாருக்குக் காய்ச்சல் கூடுகிறது என்று தெரிந்துவிட்டால், அடுத்த முறை மருந்தும் ஆளும் முன்கூட்டியே போய்ச் சேரும். தொற்றுநோயியல், புள்ளியியல், வானிலைத் தரவு, சுகாதார நிர்வாகம் ஆகியவை முக்கிய பாடங்கள்.

வெயிலும் இதில் அடக்கம். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியை வித்யா வேணுகோபால் குழுவினர், 2017 முதல் 2020 வரை தமிழக உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆய்வு செய்தனர். 10-ல் 9 பேர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை பார்ப்பது தெரியவந்தது. 7 சதவீதம் பேருக்கு சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்திருந்தது. உப்பளங்கள் நிறைந்த தூத்துக்குடி மாவட்டத்துக்கு இது அடுத்த வீட்டுக் கதை அல்ல. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது.

எங்கே படிக்கலாம்?

இதே பெயரில் பட்டம் தரும் இடங்கள் நம் நாட்டில் குறைவு. எனவே பொது சுகாதாரம் அல்லது சுற்றுச்சூழல் அறிவியலில் சேர்ந்து, ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுப்பதே நடைமுறை வழி.

நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம், இதே தாமிரபரணி வட்டாரத்தில் ஆழ்வார்குறிச்சியில் உள்ளது. பொது சுகாதாரத்துக்கு திருவாரூர் மத்திய பல்கலைக்கழகம், புதுச்சேரி ஜிப்மர், சென்னையில் ஐ.சி.எம்.ஆர். தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், ஸ்ரீராமச்சந்திரா ஆகியவை உள்ளன. டாக்டர்கள் மட்டுமின்றி நர்சிங், அறிவியல் பட்டதாரிகளுக்கும் பல இடங்களில் வாய்ப்பு உண்டு. தகுதி, கட்டணம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அறிவிப்பைப் படித்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

வேலை கிடைக்குமா?

பெற்றோர் கேட்கும் நியாயமான கேள்வி. சுகாதாரத்துறையின் உயர் பதவிகள் பெரும்பாலும் மருத்துவப் பட்டம் பெற்றவர்களுக்கே. மற்றவர்களுக்கு ஆய்வு நிறுவனங்கள், அரசுத் திட்டங்களின் ஒப்பந்தப் பணிகள், தொண்டு நிறுவனங்கள், பேரிடர் மேலாண்மை என்றுதான் வழி திறக்கும். முடித்த மறுநாளே சர்க்கார் உத்தியோகம் என்று நம்பிச் சேரக்கூடாது.

அதேநேரம் தேவை கூடிக்கொண்டே போகிறது. பருவநிலை மாற்றத்துக்கும் மனித ஆரோக்கியத்துக்குமான தேசியத் திட்டத்தை மத்திய அரசு 2019-ல் தொடங்கியது. 2030-க்கும் 2050-க்கும் இடையே பருவநிலை மாற்றத்தால் உலகில் ஆண்டுக்கு 2½ லட்சம் பேர் கூடுதலாக உயிரிழக்கக்கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

நம்மூர் பிள்ளைக்கு ஒரு லாபம்

எந்த வாய்க்கால் முதலில் உடையும், எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கும், அறுவடைக்கு யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்பது டெல்லியில் இருந்து வரும் நிபுணருக்குத் தெரியாது. ஆழ்வார்திருநகரி பிள்ளைக்குத் தெரியும். அதோடு பதிவேட்டைப் படிக்கவும் தெரிந்துவிட்டால், அடுத்த வெள்ளத்தில் மாத்திரை காய்ச்சலுக்கு முன்னாடியே வாசலுக்கு வந்து நிற்கும்.

இந்தியாவிலேயே முதன்முதலாக பொது சுகாதாரத்துக்கு என்று தனிச் சட்டம் வந்தது, 1939-ல் அன்றைய சென்னை மாகாணத்தில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.