கதவைச் சாத்தச் சொல்லும் காக்கிச் சட்டை

ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதி, உத்திர வீதி வீடுகளிலும் திருச்சியின் அடுக்ககங்களிலும் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு ஓய்வூதியத்தில் தனியாக வாழும் பெரியவர்கள் நிறைய. ‘டிஜிட்டல் கைது’ கும்பலுக்கு இவர்கள் மேல்தான் கண். “உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள்” என்று பேச்சு தொடங்கும். சற்று நேரத்தில் வாட்ஸ்அப் வீடியோவில் காக்கிச் சட்டை, பின்னால் அரசு முத்திரை. பிறகு உத்தரவு: அறைக் கதவைச் சாத்துங்கள், கேமராவை அணைக்காதீர்கள், யாரிடமும் மூச்சு விடக்கூடாது.

ஏமாந்தவரைப் பார்த்து ‘படித்தவர்தானே?’ என்று கேட்பது அநியாயம். 1961-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனைகளில், ஆய்வாளர் சொன்னார் என்பதற்காக 40 பேரில் 26 பேர், அடுத்தவருக்கு 450 வோல்ட் வரை மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பியே விசையை அழுத்தினார்கள். (அதிர்ச்சி வெறும் நடிப்பு.) ஆய்வாளர் வெளியே போய்த் தொலைபேசியில் உத்தரவிட்டபோது கடைசிவரை போனவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். கூட இருந்த இருவர் ‘மாட்டோம்’ என்று விலகியபோது 40-இல் நாலே பேர். கும்பல் மில்கிராமைப் படித்திருக்காது. ஆனாலும் வெறும் குரலோடு நிற்காமல் வீடியோவுக்கு இழுப்பதும், அடுக்களையில் இருக்கும் மனைவியிடம்கூடப் பேசவிடாததும் அதே கணக்குதான்.

டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் எதுவும் கிடையாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 36-ஆம் பிரிவுப்படி, கைது செய்யும் காவலர் பெயர் தெரியும் அடையாளத்தோடு இருக்க வேண்டும். கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். கும்பல் கூடவே கூடாது என்கிற அந்த இன்னொரு ஆளைத்தான் சட்டம் கேட்கிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். சாட்சி விசாரணைக்கென்று 60 வயது கடந்த ஆணையோ, எந்த வயதுப் பெண்ணையோ நிலையத்துக்கு வரும்படி வற்புறுத்த முடியாது. 179-ஆம் பிரிவுப்படி வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். ‘சரிபார்க்க’ என்று பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லும் அதிகாரம் எந்தப் போலீசுக்கும் இல்லை.

ஆகவே அழைப்பைத் துண்டித்துவிட்டு, கதவைத் திறந்து பக்கத்து வீட்டாரிடம் சொல்லுங்கள். சந்தேகம் தீராவிட்டால் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு அவர்களோடு நேரில் போங்கள். பணம் போய்விட்டதா? உடனே சைபர் குற்ற உதவி எண் 1930, அதோடு உங்கள் வங்கிக் கிளை. கணக்கு கணக்காகத் தாவுவதற்குள் சொன்னால் முடக்க வாய்ப்புண்டு. பிள்ளைகளுக்குத் தெரிந்தால் வெட்கம் என்று ஒரு ராத்திரி தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பு குறைந்துவிடும். அழைப்பு எண், ஸ்கிரீன்ஷாட்டுகள், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காதீர்கள்.

வைப்பு நிதியை முதிர்வுக்கு முன்பே உடைக்கப் பதற்றத்தோடு வரும் பெரியவரிடம், “யாராவது போனில் சொன்னார்களா மாமா?” என்று வங்கி ஊழியர் கேட்டுவிடுவது நல்லது.