வண்டி நுழையாத வீதி

தில்லியிலும் சண்டிகரிலும் குடியிருக்கும் நம்மவர், மாலை வேளையில் பிள்ளைகளுடன் கடைத்தெருவுக்குப் புறப்பட்டால், அவர்கள் கையைப் பற்றிய பிடியைத் தளர்த்துவதற்கில்லை. எந்தப் பக்கமிருந்து எந்த வண்டி பாயுமோ என்னும் அச்சம் நம்மை விடாது. அவ்வச்சம் இன்றி ஒரு நகரத்தின் நடுவீதியில் உலாவ விரும்புவோர்க்கு, வடநாட்டில் எளிதில் சென்றடையக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது சிம்லா நகரின் மால் வீதி.

கால்காவிலிருந்து சிம்லாவுக்குச் செல்லும் 96 கிலோமீட்டர் நீளமுள்ள சிறிய ரயில்பாதை 1903-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட மலைக்குகைகளை அது கடந்து செல்கிறது. வண்டிகள் ஓடும் கார்ட் ரோடு கீழே இருக்கிறது. மால் வீதி மேலே. இடையே ஏறுவதற்கு இரண்டு கட்டமாக அமைந்த மின்தூக்கி ஒன்று இயங்குகிறது. ஊர் 7,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருப்பதால், முதியோரை அழைத்துச் செல்வோர் படிகளை நம்பாமல் மின்தூக்கியை நாடுதல் நலம்.

மேலே சென்றதும் நம்முடன் வந்த ஐந்து வயதுச் சிறுமி கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டாள். பழக்க தோஷத்தால் “வண்டி, வண்டி!” என்று கூவினோம். பெஞ்சில் வெயில் காய்ந்துகொண்டிருந்த முதியவர் ஒருவர், மொழி புரியாவிட்டாலும் பொருள் புரிந்து சிரித்தார்.

மால் வீதியை ஒட்டிய திறந்த வெளிக்கு ரிட்ஜ் என்று பெயர். அங்கே மட்டக்குதிரை மீது பிள்ளைகள் சவாரி செய்கிறார்கள். அதன் தரைக்கு அடியில் ஏறத்தாழ 10 லட்சம் காலன் கொள்ளும் நீர்த்தொட்டி இருக்கிறது என்று சொன்னால், பிள்ளைகள் காதைத் தரையில் வைத்துக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். சற்று அப்பால் லக்கட் பஜார். மரத்தாலான பொம்மைகளும் கைத்தடிகளும் அங்கே குவிந்து கிடக்கின்றன. பணப்பையைக் காத்துக்கொள்ள வேண்டிய இடம் அதுவே!

ரிட்ஜும் மாலும் கூடும் மூலைக்கு ஸ்காண்டல் பாயிண்ட், அதாவது வம்பு முனை, என்று பெயர். பட்டியாலா அரசர் பூபிந்தர் சிங், வைஸ்ராயின் மகளை 1892-இல் இங்கிருந்து குதிரையில் கவர்ந்து சென்றார் என்பது கதை. அவர் பிறந்ததோ 1891-ஆம் ஆண்டின் இறுதியில். தொட்டிலை விட்டு இறங்காத குழந்தை எவ்வாறு குதிரை ஏறிற்று என்று எவரும் கேட்பதில்லை.

அருகிலுள்ள கெய்ட்டி நாடக அரங்கு 1887-இல் திறக்கப்பட்டது. அதனை வரைந்த ஹென்றி இர்வின், பின்னர்ச் சென்னைக்கு வந்து உயர்நீதிமன்றக் கட்டிட வேலையிலும் எழும்பூர் ரயில் நிலைய அமைப்பிலும் பங்கு கொண்டவர். ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்த நமக்கு, அக்கட்டிடத்தின் முன் சிறிது நேரம் நிற்கத் தோன்றுவது இயல்பே.

வண்டிகளை இவ்வீதியில் தடுத்தது முதலில் பிள்ளைகளுக்காக அன்று. 1864 முதல் ஆங்கில ஆட்சியின் கோடைத் தலைநகராக விளங்கிய இவ்வூரில், வைஸ்ராய், படைத் தலைவர், பஞ்சாப் கவர்னர் ஆகிய மூவருக்கே மாலில் வண்டி செலுத்தும் உரிமை இருந்தது. ஏனைய பெரிய மனிதர் குதிரையிலும், மனிதர் இழுத்த ரிக்ஷாவிலும் சென்றனர். நாடு விடுதலை பெற்றபின் சலுகை போயிற்று, தடை நின்றது. சாலையில் நடப்போரின் பாதுகாப்பிற்கென 2007-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. தீயணைப்பு வண்டி, நோயாளி வண்டி, அனுமதி பெற்ற சில வண்டிகள் தவிரப் பிறவற்றுக்கு இங்கே இடமில்லை. குப்பை போட்டாலும் எச்சில் துப்பினாலும் அபராதம் உண்டு.

ஆயின், வண்டி வராத வீதிக்கும் அரிசி மூட்டையும் எரிவாயு உருளையும் வந்தாக வேண்டுமே! அவை சுமைதூக்கும் தொழிலாளரின் முதுகில் ஏறி வருகின்றன. நம் பெட்டிகளும் அவ்வாறே. நம் பிள்ளை கை வீசி ஓடும் அதே சரிவில், ஒருவர் குனிந்த தலையுடன் ஏறி வருவதைக் காணலாம். அவர் வரும்போது ஓரம் ஒதுங்கி வழி விடுக. சுமை இறக்கிய பின் வாதிடாமல், கூலியை முன்னரே பேசிக்கொள்க. வீட்டிலிருந்து புறப்படும்போதே ஒரு பெட்டியைக் குறைத்துக்கொண்டால் இன்னும் நன்று.