பயிற்சியாளர் படியிலிருந்து பகுப்பாய்வாளர் படிக்கு

நாகர்கோவில் வண்டியில் வந்து தம்பானூரில் இறங்கும் நம்மவருள், தம் குழந்தைகளுக்குச் சிகிச்சையும் பயிற்சியும் நாடி வருவோரும் உண்டு. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1987-ல் தொடங்கிய குழந்தை வளர்ச்சி மையமும், 1997-ல் நிறுவப்பெற்று ஆக்குளத்தில் இயங்கும் ‘நிஷ்’ என்னும் பேச்சு, செவித்திறன் நிறுவனமும் இந்நகருக்குப் பெருமை சேர்ப்பவை. ஆட்டிசம் முதலிய வளர்ச்சிக் குறைகளுக்குப் பயிற்சி தரும் நிலையங்கள் பெருகவே, நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கும் புதியதோர் உத்தியோகம் வாய்த்திருக்கிறது. நடத்தைப் பயிற்சியாளர் என்பது அதன் பெயர். அதில் சேர்ந்தவர் நடத்தைப் பகுப்பாய்வாளராக உயர்வது எவ்வாறு?

இரண்டிற்கும் உள்ள வேற்றுமையை முதலில் அறிதல் நலம். உணவு வைத்தவுடன் ஒரு சிறுவன் தட்டை வீசுகிறான் என்று கொள்வோம். வகுத்துத் தந்த முறைப்படி அவனைப் பழக்கி, எத்தனை முறை வீசினான் என்று குறித்து வைப்பவர் பயிற்சியாளர். வீசுமுன் நிகழ்ந்தது யாது, வீசியபின் அவன் அடைந்தது யாது என்று ஆராய்ந்து, உணவின்மேல் வெறுப்பா, தாயின் கவனத்தை ஈர்க்கும் வழியா எனக் காரணம் கண்டு, முறையை வகுப்பவர் பகுப்பாய்வாளர். முறை பிழைத்தால் பொறுப்பும் அவருடையதே.

அமெரிக்காவில் 1998-ல் தோன்றிய சான்றளிப்பு வாரியம் இப்படிகளை வரையறுத்துள்ளது. பயிற்சியாளருக்குப் பள்ளியிறுதிப் படிப்பும், 18 வயதும், 40 மணி நேரப் பயிற்சியும், செயல்முறைச் சோதனையும், பரீட்சையும் போதும். பகுப்பாய்வாளருக்கோ முதுகலைப் பட்டமும், துறைப் பாடங்களும், மேற்பார்வையின்கீழ்ப் பொதுவாக 2000 மணி நேரக் களப்பணியும், அதன்பின் பரீட்சையும் வேண்டும். களப்பணியிலும் குறைந்தது நூற்றுக்கு 60 பங்கு, குழந்தைக்கு நேரே பயிற்சி அளிப்பதாக இராமல், மதிப்பிடுதல், திட்டமிடுதல், பிறரைப் பயிற்றுதல் போன்றதாக இருத்தல் வேண்டும். ஆதலின் பல்லாண்டு பயிற்சியாளராக உழைத்த ஒன்றினாலேயே மேற்படி கிட்டிவிடாது.

இங்கே நம்மவர் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 2023 ஜனவரி 1 முதல், அமெரிக்கா, கனடா போன்ற சில நாடுகளில் வசிப்போரின் புதிய விண்ணப்பங்களையே அவ்வாரியம் ஏற்கிறது. இந்தியாவில் வசிப்போருக்கு அக்கதவு அடைபட்டது. இதை மறைத்து, இங்கிருந்தே அச்சான்றிதழைப் பெற்றுவிடலாம் என்று கட்டணம் கேட்போரிடம் எச்சரிக்கை வேண்டும். வேறு பன்னாட்டு அமைப்புகளின் சான்றிதழ்கள் உண்டெனினும், அவை நம் நாட்டுப் பதிவுக்கு ஈடாகா.

நம் நாட்டின் வழி வேறு. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி, மறுவாழ்வுப் பணி புரிவோர் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்து, மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிதல் அவசியம். மீறினால் ஓராண்டு வரை சிறையோ, 1000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சிறப்புக் கல்வி ஆசிரியர், மருத்துவ உளவியலாளர் முதலிய பிரிவுகள் அப்பதிவேட்டில் உண்டு. எனவே பயிற்சியாளராகச் சம்பாதிக்கும்போதே சிறப்புக் கல்விப் பட்டயமோ பட்டமோ பெற முயல்வது, ஏழை எளிய குடும்பங்களுக்கு உறுதியான படியாகும். நடத்தைப் பகுப்பாய்வின் நுட்பங்களை அதனோடு சேர்த்துக் கற்கலாம்.

பெற்றோர்களே! பிள்ளையைச் சேர்க்குமுன், படிப்புக்குக் குழுமத்தின் அங்கீகாரம் உண்டா, களப்பணியை மேற்பார்வையிடுபவர் யார், அவருடைய பதிவு எண் யாது என்னும் மூன்றையும் கேளுங்கள். பேசத் தெரியாத ஒரு மழலையின் எதிர்காலத்தை நம் பிள்ளையின் கையில் இன்னொரு தாய் ஒப்படைக்கப் போகிறாள். அந்த நம்பிக்கைக்கு உரிய கல்வியைப் பெறுவதே உண்மையான உயர்வு.