அப்பாவோட டயட் சார்ட்!

உங்க வீட்டு பீரோவைத் திறந்து பாருங்க. ஏதோ ஒரு துணிக்கடைப் பையில பழைய பிளட் டெஸ்ட் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாம் கசங்கிக் கிடக்கும். எங்க வீட்டுலயும் அப்படித்தான். போன வருஷம் அந்தப் பைதான் எங்களைப் பயமுறுத்திடுச்சு!

அப்பாவுக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷிப்ட் வேலை. பத்து வருஷமா சுகர். ஒரு மருத்துவமனையில 'கீரை நிறைய சேர்த்துக்குங்க'ன்னு டயட் சார்ட் கொடுத்தாங்க. ஆறு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்தா கிரியேட்டினினும் பொட்டாசியமும் ஏறியிருந்துச்சு. அந்த ரிப்போர்ட் டாக்டர் ஃபைலுக்குப் போயிடுச்சு. டயட்டீஷியன் கையில இருந்தது பழைய பேப்பர். மறுபடியும் அதே கீரை! பொட்டாசியம் ஏறினவங்க கீரையை அளந்துதான் சாப்பிடணும். காயைக்கூட நறுக்கி, வேகவெச்சு, தண்ணியை வடிக்கச் சொல்வாங்க. டாக்டர் தற்செயலா சார்ட்டைப் பார்த்ததால தப்பிச்சோம்.

மின்னணு மருத்துவப் பதிவு உதவுறது இங்கதான். லேப் ரிசல்ட், மருந்து, எடை, சாப்பாட்டு ஆலோசனை எல்லாம் ஒரே இடத்துல இருக்கும். பொட்டாசியம் கூடினா டயட்டீஷியன் ஸ்க்ரீன்லயே எச்சரிக்கை வரவைக்கலாம். இதுக்கான தரநிலைகளை மத்திய அரசு 2013-ல வெளியிட்டு, 2016-ல திருத்தியது. 2021 செப்டம்பர்ல ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் தொடங்குச்சு. 14 இலக்க 'ஆபா' எண் அதோட சாவி. உங்க சம்மதத்தோடதான் ரெக்கார்டைப் பகிரணும்.

சாப்பாட்டுக் கணக்குக்கும் ஆதாரம் இருக்கு. 1918-ல நம்ம குன்னூர்ல பிறந்து, இப்ப ஐதராபாத்தில் இயங்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2017-ல 528 உணவுப் பொருட்களோட சத்து அட்டவணையை வெளியிட்டது. ஆனா அதுல பெரும்பாலும் சமைக்காத பொருள்தான். அம்மா வெக்கிற கீரைக்கூட்டை யார் கணக்குப் போடறது?

இன்னொரு சிக்கல். அப்பா சார்ட்ல 'காலை 8 மணி: டிபன்'னு இருந்துச்சு. நைட் ஷிப்ட் முடிச்சு அவர் தூங்கப் போற நேரம் அது! அதே கட்டத்தை அப்படியே கம்ப்யூட்டருக்கு மாத்தினா, தப்பு இன்னும் வேகமா நடக்கும். அவ்வளவுதான்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடுற கவரைப்பேட்டை நண்பர்களே, இதை எடுங்களேன்! முதல்ல ஒரு டயட்டீஷியன்கிட்ட அனுமதி வாங்கி, அரை நாள் கூட உட்காருங்க. எதை எழுத இடமில்லாம விடறாங்கன்னு கவனிங்க. கோடிங் அப்புறம்.

அதுவரை? அந்தப் பையில இருக்கறதைத் தேதி வாரியா அடுக்கி, மொபைல்ல போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. கடைசி ரிப்போர்ட்டை டயட்டீஷியனுக்கும் காட்டுங்க. எங்க வீட்டுல இப்ப அது என் டிபார்ட்மென்ட்!