மின்கலம் இல்லாமல் பதில் சொல்லும் புத்தகம்

நூலகத்தில் நான்கைந்து புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இரவல் இயந்திரத்தின் மீது வைக்கிறோம். எதையும் திறந்து காட்டவில்லை. ஆனாலும் சில விநாடிகளில் எல்லாத் தலைப்புகளும் திரையில் வந்துவிடுகின்றன. அடியில் இருக்கும் புத்தகத்தை இயந்திரம் எப்படிப் ‘பார்த்தது’?

உண்மையில் அது பார்க்கவில்லை, கேட்டது. ஒவ்வொரு புத்தகமும் அதற்குப் பதில் சொன்னது.

பேரங்காடியில் பொருள்களின் விலையைப் பதிவுசெய்ய பார்கோடு பயன்படுகிறது. அதன் கறுப்புக் கோடுகள் மீது ஒளி படவேண்டும். கோடுகள் மறைந்திருந்தால் இயந்திரத்தால் படிக்க இயலாது. நூலகப் புத்தகத்திலோ ஆர்எஃப்ஐடி எனப்படும் மெல்லிய வில்லை ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். இது ஒளிக்குப் பதிலாக வானொலி அலையைப் பயன்படுத்துகிறது. காகிதமும் அட்டையும் அந்த அலையைத் தடுப்பதில்லை. ஆகவே புத்தகம் மூடியிருந்தாலும், வேறொரு புத்தகத்தின் அடியில் இருந்தாலும் கவலையில்லை.

பொது நூலகங்களில் இந்த முறையைக் கையாள்வதில் சிங்கப்பூர் ஒரு முன்னோடி. 1998இல் புக்கிட் பாத்தோக் சமூக நூலகத்தில் அது அறிமுகமாகி, பிறகு மற்ற நூலகங்களுக்கும் பரவியது.

வில்லைக்குள் என்ன இருக்கிறது?

இரண்டே பொருள்கள்: கடுகைவிடச் சிறிய ஒரு சில்லு, அதனுடன் இணைந்த உலோக அலைவாங்கி. மின்கலம் கிடையாது. அப்படியானால் சில்லு இயங்க மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

உயர்நிலை மூன்று, நான்கில் இயற்பியல் படிப்பவர்களுக்கு விடை தெரிந்திருக்கும். 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் அது. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தில் ஒரு கம்பிச் சுருளை வைத்தால், சுருளில் மின்னழுத்தம் உண்டாகும். நூலகங்களில் பரவலாக உள்ள வில்லை வகையில் அலைவாங்கி ஒரு சுருளாகவே அமைந்திருக்கும். இரவல் இயந்திரத்தின் மேசைக்கு அடியிலும் ஒரு சுருள் உண்டு. அது உருவாக்கும் காந்தப் புலத்தின் அதிர்வெண் 13.56 மெகாஹெர்ட்ஸ். அதாவது விநாடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை அந்தப் புலம் ஊசலாடுகிறது.

புத்தகத்தை அருகில் கொண்டுவந்ததும் வில்லையின் சுருளில் சிறிதளவு மின்சாரம் பிறக்கிறது. சில்லு விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்கிறது. புத்தகத்தை எடுத்துவிட்டால் மீண்டும் உறங்கிவிடுகிறது. இதைவிட உயர்ந்த அதிர்வெண்ணில் இயங்கும் வில்லைகளும் உள்ளன. அவற்றைச் சற்றுத் தொலைவிலிருந்தே படிக்கலாம். ஆனால், அவையும் படிப்பானின் அலையிலிருந்தே ஆற்றலைப் பெறுகின்றன.

ஐந்து வில்லைகளும் ஒரே நேரத்தில் பேசினால் குழப்பம் வராதா? வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவு எடுப்பதை நினைத்துப் பாருங்கள். எல்லாரும் ஒன்றாக “உள்ளேன்” என்றால் யார் வந்திருக்கிறார் என்று தெரியாது. எனவே இயந்திரம் ஒவ்வொரு வில்லையையும் தனித்தனியே பதில் சொல்லவைக்கிறது. ஒன்று முடிந்ததும் அதை அமைதியாக்கிவிட்டு அடுத்ததை அழைக்கிறது. இவை அனைத்தும் மிக விரைவாக நடப்பதால் எல்லாம் ஒரே சமயத்தில் நடந்ததுபோல் நமக்குத் தோன்றுகிறது.

வில்லையில் உங்கள் பெயர் இருக்குமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இருக்காது. அதில் இருப்பது புத்தகத்தை அடையாளம் காட்டும் எண். அதை யார் இரவல் பெற்றார் என்ற விவரம் நூலகக் கணினியில்தான் உள்ளது.

தவறான அடுக்கு

இதே எண்தான் புத்தகம் திரும்பி வரும்போதும் உதவுகிறது. தானியக்கப் பெட்டியில் புத்தகத்தைப் போட்டவுடன் உள்ளே இருக்கும் படிப்பான் அதை அடையாளம் காண்கிறது. உங்கள் கணக்கிலிருந்து அந்தப் புத்தகம் நீங்குகிறது. தெம்பனிசில் இரவல் பெற்றதை ஜூரோங்கில் திருப்பித் தர முடிவதும் இதனால் எளிதாகிறது. இப்போது இரவல் பெறுவதற்கு இயந்திரத்தைத் தேடவும் வேண்டியதில்லை. தேசிய நூலக வாரியத்தின் செயலி கைப்பேசியில் இருந்தால், புத்தகத்தின் பார்கோட்டை வருடியே இரவல் பெறலாம்.

ஆனால், நூலகங்களின் உண்மையான தலைவலி வேறு. அது தவறான அடுக்கில் வைக்கப்பட்ட புத்தகம். நூலகப் பகுப்பு முறையில் 530 என்பது இயற்பியல். 350 என்பது பொது நிர்வாகம். இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் போதும், இயற்பியல் நூல் யாரும் தேடாத மூலைக்குப் போய்விடும். “இருக்கிறது” என்று கணினி சொல்லும், அடுக்கில் இருக்காது. ஒரே ஒரு படி மட்டும் உள்ள தமிழ் நூலுக்கு இப்படி நேர்ந்தால், வாசகர்களைப் பொறுத்தவரை அந்த நூலே நூலகத்தில் இல்லை என்றாகிவிடும்.

முன்பெல்லாம் ஊழியர்கள் அடுக்கடுக்காக ஒவ்வொரு முதுகெண்ணையும் படித்துச் சரிபார்ப்பார்கள். இந்த வேலைக்காக ஏ-ஸ்டார் ஆய்வாளர்கள் ‘ஆரோஸ்’ என்ற இயந்திர மனிதக் கருவியை உருவாக்கி, பாசிர் ரிஸ் பொது நூலகத்தில் சோதித்தனர். நூலகம் மூடிய பிறகு அது அடுக்குகளை ஒட்டி நகர்ந்து வில்லைகளைப் படிக்கும். எந்தப் புத்தகம் இல்லை, எது இடம் மாறியுள்ளது என்ற பட்டியல் காலையில் ஊழியர்களின் கையில் இருக்கும்.

இதில் ஒரு நுட்பமான சிக்கலும் உண்டு. கருவி அடுக்கிலிருந்து விலகினால் வில்லையின் பதில் கேட்காது. நெருங்கினால் அலைவாங்கி அடுக்கில் மோதிவிடும். வளைந்த அடுக்குகளிலும் சரியான இடைவெளியைக் காப்பதே பொறியாளர்களுக்குச் சவாலாக இருந்தது.

கருவி தவறைக் கண்டுபிடிக்கும். ஆனால் புத்தகத்தை எடுத்துச் சரியான இடத்தில் வைக்க மனிதக் கைகள் வேண்டும். தேர்வு நெருங்கும்போது, பிறர் எடுத்துவிடக் கூடாதென்று நல்ல நூலை வேறு அடுக்கில் ஒளித்துவைக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அந்த நூலை அவர்களும் படிப்பதில்லை, பிறரும் படிப்பதில்லை. ஒளித்துவைப்பதைவிட இணையத்தில் முன்பதிவு செய்வது நல்லது. எடுத்த இடம் மறந்துவிட்டால் ஊகித்து வைக்காதீர்கள். புத்தகத்தைத் தள்ளுவண்டியிலோ நூலக ஊழியரிடமோ விட்டுவிடுங்கள்.

செய்து பாருங்கள்

1. நூலகப் புத்தகத்தின் அட்டைகளின் உட்புறத்தில் சதுரமாகவோ நீளப் பட்டையாகவோ ஓர் ஒட்டுத்தாள் உள்ளதா என்று பாருங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உலோகக் கோடுகளின் தடம் தெரியலாம். அதை உரித்துவிடாதீர்கள்!

2. இஸி-லிங்க் அட்டையும் 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்குவதுதான். என்எஃப்சி வசதியுள்ள கைப்பேசியில் அட்டையின் மீதித் தொகையைப் பார்க்கும் செயலியைத் திறந்து, அட்டையைப் பின்புறம் வையுங்கள். பிறகு இடையில் ஒரு காகிதத்தை வைத்துப் பாருங்கள். அடுத்து, சமையலறை அலுமினியத் தாளை வையுங்கள். காகிதம் வைத்தபோது கைப்பேசி அட்டையைப் படிக்கும். அலுமினியம் வைத்தால் படிக்காது. மாறும் காந்தப் புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களை உண்டாக்குகிறது. அவை எதிர்ப்புலத்தை உருவாக்கி, அட்டைக்குப் போகவேண்டிய ஆற்றலைத் தடுத்துவிடுகின்றன.

3. இப்போது ஒரு கேள்வி: உலோகப் பூச்சுள்ள பளபளப்பான அட்டை கொண்ட புத்தகத்தை இரவல் இயந்திரம் சில நேரம் படிக்கத் தடுமாறுவது ஏன்? இரண்டாம் சோதனையிலேயே விடை இருக்கிறது.