தக்காளியின் சிவப்பு இதயத்துக்கு என்ன செய்கிறது?

தக்காளிக்குச் சிவப்பைத் தருவது லைகோபீன் என்ற நிறமி. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினும் இதுவும் ஒரே குடும்பம். ஆனால் லைகோபீன் உடலில் வைட்டமின் ஏ-யாக மாறாது. அதன் வலிமை ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதில் இருக்கிறது. 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்டிஎல், தமனிச் சுவருக்குள் புகுந்து ஆக்சிஜனேற்றம் அடையும்போது அங்கே அழற்சி கிளம்பி, கொழுப்புப் படிவு வளர்கிறது. மாரடைப்புக்கு வழிவகுப்பது பெரும்பாலும் இந்தப் படிவுதான். இதய ஆய்வாளர்கள் தக்காளியை ஆராயத் தொடங்கிய காரணமும் இதுவே. 100 கிராம் தக்காளியில் சுமார் 240 மில்லிகிராம் பொட்டாசியமும் உண்டு. அது ரத்த அழுத்தம் ஏறாமல் இருக்க உதவும்.

சமைக்காத தக்காளியில் லைகோபீன் செல் சுவர்களுக்குள் அடைபட்டிருக்கும். வேகவைத்தால் அந்தச் சுவர்கள் உடைகின்றன. லைகோபீனில் ஒரு பகுதி குடல் எளிதில் உறிஞ்சும் வடிவத்துக்கு மாறுகிறது. இது கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் எண்ணெயும் தேவை. தொக்கு வதங்கும்போது, மிளகாய்த்தூள் போடுவதற்கு முன்பே, ஓரத்தில் பிரியும் எண்ணெய் செம்மஞ்சளாக மாறுவதைப் பார்க்கலாம். அந்த நிறம் லைகோபீன் எண்ணெய்க்குள் இறங்கியதன் அடையாளம். ஜெர்மனியின் டூசல்டார்ஃப் ஆய்வாளர்கள் 1997-இல் இதை அளந்தார்கள். ஒரே அளவு லைகோபீன் கொடுத்தும், பச்சையாகத் தின்ற தக்காளியைவிடத் தக்காளி விழுதிலிருந்து ரத்தத்தில் சேர்ந்தது பல மடங்கு அதிகம்.

ஃபின்லாந்தின் குவோபியோ நகரில் 1,031 ஆண்களைச் சுமார் 12 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2012-இல் வெளியானது. ரத்தத்தில் லைகோபீன் மிகுந்தவர்களுக்குப் பக்கவாத அபாயம், அது மிகக் குறைந்தவர்களைவிட 55 சதவீதம் குறைவு. எண் பெரிதுதான், ஆனால் தக்காளி அதிகம் உண்பவர்கள் பிற காய்கறிகளையும் அதிகம் உண்பவர்களாக இருக்கலாம். கண்காணிப்பு ஆய்வு தொடர்பைக் காட்டும், காரணத்தை நிறுவாது. அதனால் 2014-இல் வெளியான கேம்பிரிட்ஜ் சோதனைக்கு மதிப்பு கூடுதல். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுக்கும் இதய நோயாளிகளுக்கு இரண்டு மாதம் தினமும் 7 மில்லிகிராம் லைகோபீன் தரப்பட்டது; அவர்களின் ரத்தக் குழாய்கள் விரிந்துகொடுக்கும் திறன் மேம்பட்டது. ஆரோக்கியமானவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை.

அழற்சி விஷயத்தில் சான்று இன்னும் மெலிது. தெஹ்ரானில் உடல் எடை மிகுந்த பெண்கள் 20 நாள் தினமும் 330 மில்லிலிட்டர் தக்காளிச் சாறு குடித்தபோது, அழற்சியைக் காட்டும் சில புரதங்கள் ரத்தத்தில் குறைந்தன. மருத்துவர்கள் வழக்கமாகப் பார்க்கும் சி-ரியாக்டிவ் புரதத்தில் பல சோதனைகள் மாற்றம் எதையும் காணவில்லை. தக்காளி மூட்டு அழற்சியைக் கூட்டும் என்ற பரவலான நம்பிக்கைக்கும் உறுதியான ஆதாரம் கிடையாது.

தக்காளி எந்த வடிவில் தட்டுக்கு வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கடையில் வாங்கும் கெட்சப்பில் லைகோபீன் நிறையவே உண்டு. கூடவே உப்பும் சர்க்கரையும் வருகின்றன. ஊறுகாயிலும் உப்பு அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வீட்டில் உப்பு குறைத்துச் செய்த தொக்கோ ரசமோ நல்லது. சிறுநீரகம் பழுதானவர்கள் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கும். அவர்கள் தக்காளியின் அளவை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். நெஞ்செரிச்சல் உள்ள சிலருக்கு அதன் புளிப்பு தொல்லை தரும். இதய நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் தக்காளியை நம்பி அதை நிறுத்தக் கூடாது. கேம்பிரிட்ஜ் நோயாளிகளும் மாத்திரையோடு சேர்த்துத்தான் லைகோபீனை எடுத்துக்கொண்டார்கள்.