கொட்டேஜுக்கு எத்தனை சோலார் பனல் வேணும்?

ரொறன்ரோவுக்கு வடக்கே, மஸ்கோகா, ஹலிபேர்ட்டன் பக்கம் ஏரிக்கரையில் சின்னதாய் ஒரு கொட்டேஜ். எங்கட ஆக்களுக்கும் இப்ப இந்த ஆசை வந்திருக்கு. மின்கம்பி வராத காணி என்றால் சோலார்தான் வழி. உடனே வாற கேள்வி, "எத்தனை பனல் போடலாம்?" அதற்கு முதல், ஒரு நாளைக்கு எவ்வளவு கரண்ட் வேணும் என்று கணக்குப் பாருங்கோ.

12 வோல்ட் சிறிய பிரிட்ஜ் நாளுக்குச் சுமார் 500 வாட்-மணி எடுக்கும். 6 வாட் எல்.ஈ.டி. பல்ப் ஐந்து, 5 மணித்தியாலம் எரிந்தால் 150. 30 வாட் காற்றாடி 8 மணித்தியாலத்துக்கு 240. தண்ணீர்ப் பம்பும் போன் சார்ஜும் சேர்த்து 110. கூட்டினால் 1,000. அதாவது ஒரு யூனிட்.

ஒன்ராறியோ கோடையில் முழு வெயில் என்று நாளுக்கு நாலரை மணித்தியாலம் கணக்கெடுக்கலாம். வயர், சூடு, பற்றரி என்று 30 வீதம் இழப்பு. அப்படிப் பார்த்தால் சுமார் 320 வாட் பனல் தேவை. 200 வாட் பனல் இரண்டு போட்டால் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். ஆனால் மரநிழல் விழுகிற கூரை என்றால் இந்தக் கணக்கு சரிவராது.

பற்றரியில்தான் பலர் காசை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். அம்மா, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறோம். பிரிட்ஜில் பியரோடு அவர்களின் இன்சுலினும் இருக்கும். இரண்டு நாள் மப்புப் போட்டாலும் பிரிட்ஜ் நிற்கக்கூடாது. இரண்டு நாளுக்கு 2,000 வாட்-மணி வேணும். பற்றரியில் 80 வீதம்தான் எடுப்போம் என்றால் 2,500. 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பொஸ்பேட் பற்றரி ஒன்று 2,560 தரும்.

சம்பல் அரைக்கிற 750 வாட் மிக்ஸி ஐந்து நிமிடத்தில் 60 வாட்-மணிக்குச் சற்று மேல்தான் எடுக்கும். ஆனால் மோட்டார் தொடங்கும்போது இழுக்கிற இழுவையை இன்வேர்ட்டர் தாங்கவேணும். 1,500 வாட் ஹீற்றரோ வேறு கதை. நிறைந்த பற்றரியையும் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடும். சோறு, தேத்தண்ணி, சூடு எல்லாத்தையும் காஸிலோ விறகிலோ பாருங்கோ.

இது கோடைக் கணக்கு. டிசம்பரில் வெயில் பாதிக்கும் கீழே போய்விடும். பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்த லித்தியம் பற்றரியைச் சார்ஜ் பண்ணினால் அது பழுதாகும். குளிருக்கும் போகிற எண்ணம் இருந்தால் சூடாக்கி உள்ள பற்றரியோ ஜெனரேட்டரோ வேணும் என்று வாங்க முதலே தீர்மானியுங்கோ. விற்கிறவரிடம் போகும்போது உங்கட கணக்குத் துண்டு கையில் இருக்கட்டும்.